கதவுக்கு மதிப்பெண் இல்லை

கலையின் சந்நிதியில் கணவனும் கிடையாது, மனைவியும் கிடையாது. உறவு, நட்பு, தயவு, தாட்சண்யம் எதுவும் அங்கே படியேற முடியாது. நடுவன் என்பவன் தராசின் முள். முள்ளுக்கு மாமியார் வீடு என்று ஒன்று இல்லை. இந்த மகத்தான உண்மையைப் பல் டாக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறைக் கண்ணாடிக்கு எடுத்துச் சொன்னார். வலது கை உயர்ந்திருந்தது. இடது கையில் பிரஷ் இருந்தது.

“வாயைக் கொப்பளிச்சுட்டுப் பேசுங்க. சட்டையெல்லாம் நுரை,” என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள் மனைவி. அவள் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலையெல்லாம் கல்யாணமான புதிதிலேயே போய்விட்டது.

டாக்டர் குனிந்து பார்த்தார். சட்டையில் நுரை இருந்தது.

அன்று பிற்பகல் நூலகத்தின் மாடிக் கூடத்தில் கொலாஜ் கண்காட்சி. பழைய பத்திரிகை, துணி, தாள், பொத்தான், கையில் கிடைத்தது எதுவோ அதை வெட்டி ஒட்டிச் செய்கிற படங்கள். முப்பது நாற்பது பேர் அனுப்பியிருந்தார்கள். அதற்கு டாக்டர்தான் தலைமை நடுவர்.

அவர் எப்படித் தலைமை நடுவர் ஆனார் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. சில வருஷங்களுக்கு முன், நாற்காலியில் மல்லாந்து கிடப்பவர்கள் ஊசியையே பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று, சிகிச்சை அறையின் கூரையில் ஒரு கடற்கரை ஓவியத்தை ஒட்டி வைத்தார். அச்சடித்த படம்தான். ஆனால் அந்தப் பகுதியில் பல்வலி வராதவர் யார்? படித்தவர், படிக்காதவர், பெரியவர், சிறியவர் எல்லோரும் வாயைப் பிளந்தபடி அந்த ஓவியத்தை நெடுநேரம் பார்த்திருக்கிறார்கள். உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில்கூட ஒரு படத்துக்கு அவ்வளவு கவனம் கிடைப்பது சந்தேகம். இதனால் டாக்டருக்குக் கலை ஞானம் உண்டு என்ற பேச்சு பரவியது. அந்தப் பேச்சை முதலில் நம்பியவர் டாக்டர்.

அவர் தேர்வு செய்யப்பட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. போன வருஷ நடுவரைப் பரிசு கிடைக்காதவர்கள் தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். பல் டாக்டரை யாரும் கேட்க மாட்டார்கள். என்றாவது ஒரு நாள் அவர் முன்னால் வாயைத் திறந்தாக வேண்டும்.

டீயை மேஜையில் வைத்துவிட்டு மனைவி எதிரே உட்கார்ந்தாள்.

“ஏங்க, ஒண்ணு சொல்லணும். நானும் ஒரு படம் அனுப்பியிருக்கேன்.”

டாக்டருக்கு டீ புரையேறியது. அவள் படம் செய்வாள் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. பல வருஷமாகக் கீழே அவருடைய கிளினிக்கின் முன் மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். வருகிறவர்களுக்கு நேரம் கொடுக்கிறாள், அழுகிறவர்களைத் தேற்றுகிறாள், மணியை அழுத்தி ஒவ்வொருவராக உள்ளே அனுப்புகிறாள். அவர் உள்ளே இருக்கிறார். நடுவில் ஒரு கதவு. படத்தை எப்போது செய்தாள்?

“நீயா? எப்போ?”

“வேலைக்கு நடுவுலதான். நீங்க ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கறதுக்குள்ள நான் ரெண்டு பேரை வெட்டி ஒட்டிடலாம்.”

“ஐயோ, நான் நடுவர் ஆச்சே! இப்ப நான் என்ன பண்றது? ஊரு என்ன சொல்லும்?”

“பரிசெல்லாம் எனக்கு வேண்டாங்க. பேரு பின்பக்கம் ஒட்டியிருக்கும், நீங்க பாக்கக் கூடாது. என்னோடது எதுன்னு நீங்களா கண்டுபிடிச்சா போதும்.”

“இவ்வளவுதானே! இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். உன் கைவேலை எனக்குத் தெரியாதா?”

“அதைத்தான் பாக்கலாம்னு.”

“கண்டுபிடிக்கலன்னா?”

“ஒண்ணும் ஆகாது. நாளைக்கும் டீ போடுவேன்.” அவள் தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “ஆனா எனக்குத் தெரிஞ்சுடும்.”

“என்ன தெரிஞ்சுடும்?”

“தெரிஞ்சுடும்.”

சண்டை போட்டிருந்தால்கூட டாக்டர் சமாளித்திருப்பார். அவள் சிரித்துக்கொண்டே சொன்னதால், எழுந்து மறுபடியும் பல் தேய்க்கப் போனார்.

நூலகத்தின் மாடியில் புத்தக அலமாரிகளையெல்லாம் சுவரோரம் தள்ளி, நடுவில் கயிறு கட்டிப் படங்களை மாட்டியிருந்தார்கள். பசை வாசனையும் பழைய தாள் வாசனையும் கலந்து ஒரு பள்ளிக்கூடத்து மணம். வாசலில் நூலகர் நின்றிருந்தார்: ஒல்லியான, கண்ணாடி போட்ட, எந்தக் கூட்டத்திலும் ‘சத்தம் போடாதீர்கள்’ என்று சொல்லத் தயாரான பெண்மணி. அவரும் ஒரு நடுவர். மூன்றாவது நடுவர் டாக்டருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி. போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான்.

மைத்துனனைப் பார்த்ததும் டாக்டர் முள், தராசு எல்லாவற்றையும் மறந்தார். அவன் தோளில் கை போட்டு ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனார்.

“மாப்ளே, அக்கா எதாவது சொன்னாளா?”

“எதைப் பத்தி மாமா?”

“தெரியாத மாதிரி நடிக்காதே. எது அவளோடது?”

“நீங்கதானே கலைக்கு முன்னாடி உறவு கிடையாதுன்னு சொல்வீங்க?”

“அது பரிசுக்கு. இது குடும்ப விஷயம்.”

“எனக்குத் தெரியும் மாமா. ஆனா சொன்னா அக்கா என் கல்யாண ஆல்பத்தை வாங்கிட்டுப் போய், நான் எவ்வளவு அசிங்கமா எடுத்திருந்தேன்னு ஊர் பூரா காட்டுவேன்னு சொல்லியிருக்கு.”

“உன் கல்யாணத்துக்கு நீயேவா போட்டோ எடுத்தே?”

“அதனாலதான் ஒரு படத்துலயும் நான் இல்ல,” என்றான் மைத்துனன் சோகமாக.

சரி, துப்பறிந்துதான் ஆக வேண்டும். டாக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முதல் படத்தின் முன் நின்றார். சூரிய அஸ்தமனம். ஆரஞ்சு நிறத் தாள்களைக் கிழித்துக் கிழித்து வானம் செய்திருந்தார்கள். அந்த வானத்தின் நடுவே, மேகம் இருக்க வேண்டிய இடத்தில், ஊதா மையில் வட்டமாக ஒரு முத்திரை: ‘பல் மருத்துவமனைக்குச் சொந்தமானது. எடுத்துச் செல்லாதீர்.’

டாக்டரின் இதயம் துள்ளியது. அவருடைய கிளினிக்கின் முத்திரை! காத்திருப்பவர்கள் படிக்கப் போட்டிருக்கும் பத்திரிகைகளின் அட்டையில் மனைவி குத்துகிற முத்திரை. வேறு யாரிடம் இந்தத் தாள் இருக்கும்? கண்டுபிடித்தாயிற்று! இவ்வளவு சுலபமா என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இரண்டாவது படம் ஒரு யானை. யானையின் வயிற்றிலும் அதே முத்திரை இருந்தது.

மூன்றாவது படத்தில் ஒரு தாயும் சேயும். தாயின் நெற்றியில் ‘எடுத்துச் செல்லாதீர்’ என்று இருந்தது. அது படத்துக்கு ஒரு தனி உருக்கத்தையே கொடுத்தது.

அதற்குப் பின் டாக்டர் வேகமாக நடந்தார். கப்பலின் பாயில் முத்திரை. உலக அமைதி என்ற படத்தில் புறாவின் வாலில் முத்திரை. நூலகத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரிக்காரர் செய்தது என்று எல்லோருக்கும் தெரிந்த மூன்றடுக்கு கேக்கில், அடுக்குக்கு ஒன்றாக முத்திரை. ஊரே அவருடைய கிளினிக்குக்கு வந்து பல்லைக் கொடுத்துவிட்டுப் பத்திரிகையை எடுத்துப் போயிருக்கிறது.

“கொள்ளைக்காரப் பசங்க!” என்றார்.

“சத்தம் போடாதீங்க டாக்டர்,” என்றார் நூலகர் பழக்கதோஷத்தில்.

“இல்ல மேடம்... கற்பனையைக் கொள்ளை கொள்ளுதுன்னு சொன்னேன்.”

கொஞ்ச தூரத்தில் நூலகர் ஒரு படத்தின் முன் நின்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மைத்துனனும் அங்கே போய் நின்றான். டாக்டர் அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

அகலமான படம். பச்சை பிளாஸ்டிக் உறையை வெட்டி வரிசையாக நாற்காலிகள். நாற்காலிகளில் மனிதர்கள். விளம்பரங்களிலிருந்து எடுத்த உடம்பு ஒன்று, தலை ஒன்று என்று மாற்றி மாற்றிப் பொருத்தியிருந்தது. கோட்டு போட்ட உடம்பின் மேல் சமையல் எண்ணெய்ப் பாட்டியின் முகம். கால்பந்து வீரரின் உடம்பின் மேல் கணக்கு வாத்தியார் மாதிரி ஒரு வழுக்கை. கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண்மணி ஒருத்தி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். எல்லோரிடமும் பொதுவாக ஒன்று இருந்தது: ஒவ்வொருவரும் ஒரு கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய கண்களும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. அந்தப் பக்கம், படத்தில் கால்வாசியை அடைத்துக்கொண்டு, மரநிறத் தாளில் ஒரு மூடிய கதவு. படத்தின் அடி ஓரத்தில் ஒரு மேஜை விளிம்பும் ஒரு மணியும் தெரிந்தன.

டாக்டர் தலையைச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடினார். இரண்டடி பின்வாங்கினார். பின்னால் நின்ற நூலகரின் காலை மிதித்தார்.

“ரயில்வே ஸ்டேஷன்,” என்றார்.

நூலகரும் மைத்துனனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஸ்டேஷனா டாக்டர்?”

“பாருங்க மேடம். வரிசையா உக்காந்திருக்காங்க. வண்டி லேட். எல்லாரும் ஒரே திசையைப் பாக்கறாங்க. இங்க கீழ இருக்கே, இது டிக்கெட் கவுண்டர். கன்னத்துல கை வெச்சிருக்காங்க பாத்தீங்களா? அதுதான் முக்கியம். சிந்தனை! மனுஷன் எங்கேருந்து வந்தான், எங்கே போறான்னு...”

“கன்னத்துல கை... சிந்தனைதானா மாமா?” என்றான் மைத்துனன். அவன் குரல் ஏனோ கீச்சென்று வந்தது.

“வேற என்ன?”

“இல்ல, கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கே சில பேருக்கு.”

“அது பசை மாப்ளே. பசை அதிகமானா தாள் உப்பும்.”

“எனக்கு இந்த இடம் எங்கேயோ பாத்த மாதிரி இருக்கு டாக்டர்,” என்றார் நூலகர். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நல்ல கலைன்னா அப்படித்தான் மேடம். எங்கேயோ பாத்த மாதிரியேதான் இருக்கும்.”

அந்த மனிதர்கள் அவருக்கு நிஜமாகவே பிடித்திருந்தார்கள். கணக்கு வாத்தியாரைப் பார்த்து அவர் சிரித்துக்கூட விட்டார். இரண்டு நிமிஷம் அந்தப் படத்தின் முன் நின்று, தான் எதற்காக வந்தோம் என்பதையே மறந்திருந்தார். பிறகு திடுக்கிட்டு, இது வேலைக்கு ஆகாது, மனைவியின் படத்தைத் தேட வேண்டும் என்று மதிப்பெண் சீட்டை எடுத்தார். ‘ரயில் நிலையம். பயணிகள் நன்று. கதவு உயிரற்றது, தவிர்த்திருக்கலாம். கதவின் அடியில் பசை கசிந்திருக்கிறது. கவனம் தேவை’ என்று எழுதி, கதவுக்கு மதிப்பெண் எதுவும் தராமல், ஆட்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

“மாமா, இன்னொரு தடவை பாருங்களேன்.”

“மாப்ளே, நீ போட்டோ பிடிக்கிறவன். உனக்குக் கண்ணு முன்னால இருக்கிறதுதான் தெரியும். கலை அதுக்கு அப்பால இருக்கு.”

மைத்துனன் வாயை மூடிக்கொண்டான். ஆல்பம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அப்பால் இருந்த கலையை டாக்டர் கடைசி வரிசையில் கண்டார். ரோஜா நிறத் தாளில் ஒரு பூ ஜாடி. ஒவ்வோர் இதழும் நறுக்கென்று, பிசிறில்லாமல், அளவெடுத்து வெட்டியது. இடப்பக்கம் எத்தனை பூவோ வலப்பக்கமும் அத்தனை பூ. ஜாடியின் கழுத்தில் ஒரு சின்ன சாட்டின் ரிப்பன், முடிச்சுப் போட்டு. ஜாடியின் வயிற்றில் ஊதா முத்திரை.

டாக்டர் நின்றுவிட்டார். கிளினிக்கின் துவாலைகளை விளிம்பு சேர்த்து மடித்து அடுக்கும் மனைவியின் விரல்கள். பஞ்சு உருண்டைகளைப் படை வரிசைபோல் நிறுத்தும் அந்த ஒழுங்கு. பூ என்றால் அவளுக்கு உயிர். உயிர்தானா என்று அவர் என்றும் கேட்டதில்லை. ஆனால் பெண்களுக்குப் பூ பிடிக்கும் என்று பொதுவாகக் கேள்விப்பட்டிருந்தார். அந்த ரிப்பனைக் குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். இத்தனை மென்மையை மனசில் வைத்துக்கொண்டா அவள் தினமும் ‘அடுத்து யாரு?’ என்று கத்திக்கொண்டிருக்கிறாள்!

பரிசு வேண்டாம் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். ஆனால் அப்படிச் சொல்கிற பெண்ணுக்குப் பரிசு கொடுக்காமல் இருக்க டாக்டர் என்ன கல்நெஞ்சரா? தராசின் முள் எந்தப் பக்கமும் பார்க்காமல் நேராகப் போய்ப் பூ ஜாடியின் மேல் படுத்துக்கொண்டது. அத்தோடும் விடவில்லை. கண்டுபிடித்ததை வீட்டில் வைத்து மெதுவாகச் சொல்வதா? சபையில், ஒலிபெருக்கியில், எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார்.

முதல் பரிசு பூ ஜாடிக்கு என்றதும் நூலகர், “நிச்சயமா டாக்டர்?” என்றார்.

“தலைமை நடுவர் தீர்ப்பு மேடம்.”

“மாமா, வேண்டாம்,” என்றான் மைத்துனன். ஆல்பத்தைப் பணயம் வைத்து அவன் சொன்ன சொல் அது. டாக்டர் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் கூடம் நிரம்பிவிட்டது. நடுவர்களின் கருத்துச் சீட்டை ஒவ்வொரு படத்தின் கீழும் குண்டூசியால் குத்தி வைப்பது நூலகரின் ஏற்பாடு. படைத்தவர்கள் பயன்பெற வேண்டுமாம். மனைவி நீலப் புடவையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் இருந்த சிரிப்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் பேர் படிக்கும்போது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்களே, அப்படி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. கண்டுபிடித்துவிட்டாரா!

டாக்டர் ஒலிபெருக்கியைத் தட்டினார்.

“முதல் பரிசு பெறும் படைப்பைப் பத்தி நான் சொல்லியாகணும். இந்தப் படத்தை நான் கண்ணால பாக்கல. நெஞ்சால பாத்தேன். பேரு பின்பக்கம் இருக்கு. நான் பாக்கலை. பாக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தக் கைகளை எனக்குத் தெரியும்! இந்தக் கைகள் எனக்கு டீ கொடுத்திருக்கு. எனக்கு உடம்பு சரியில்லாதப்போ நெத்தியில தைலம் தடவியிருக்கு. இந்தப் பிரியத்தை நான் இத்தனை நாள் வெளிப்படையா சொன்னதில்ல. இன்னிக்கு ஊரறிய சொல்றேன். பூ ஜாடியைச் செஞ்ச அந்த மென்மையான உள்ளம் மேடைக்கு வரணும்!”

எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. டயர் கடைக்காரர் எழுந்து வந்தார்.

லாரி டயரை ஒற்றைக் கையால் தூக்குகிறவர். அவர் ஏறியதும் மேடைப் பலகை ஒரு பக்கம் தாழ்ந்தது. கண்ணெல்லாம் தண்ணீர்.

“டாக்டர்,” என்றார் அவர், டாக்டரின் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் புதைத்துக்கொண்டு. “தைலம் எப்போ தடவினேன்னுதான் ஞாபகம் வரல. ஆனா டீ வாங்கிக் குடுத்திருக்கேன். பஞ்சர் ஒட்ட வந்தப்போ. அதைப் போய் மனசுல வெச்சிருக்கீங்களே! என்னைப் பாத்தா எல்லாரும் பயப்படுவாங்க டாக்டர். எனக்குள்ள ஒரு ரிப்பன் இருக்குன்னு கண்டுபிடிச்ச மொதல் ஆளு நீங்கதான்.”

இதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? டாக்டர் வாயைத் திறந்தார். டயர் கடைக்காரர் அவரை அணைத்துக்கொண்டார். அந்த அணைப்புக்குள்ளிருந்து, ஒரு பெரிய புஜத்துக்கு மேலாக, மூன்றாவது வரிசை தெரிந்தது. மனைவி கைதட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரையும்விட உரக்கத் தட்டினாள். சிரித்துச் சிரித்து அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. அதில் எவ்வளவு சிரிப்பினால் வந்தது என்று இந்தத் தூரத்திலிருந்து அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

கேடயத்தைக் கொடுத்துவிட்டு மேடையிலிருந்து அவர் இறங்கியபோது, கூட்டத்தில் பாதி ஒரு படத்தின் முன் குவிந்திருந்தது. சிரிப்பும் கூச்சலும். நூலகரே சத்தம் போடுகிறவர்களில் ஒருவராக இருந்தார்.

“இதோ நான்! கால்பந்து உடம்பு எனக்கு எப்படிக் கெடச்சுதுன்னு தெரியல, வழுக்கை என்னோடதுதான்,” என்றார் கணக்கு வாத்தியார்.

“கண்ணாடி போட்டிருக்கேனே, அது நான்! ரூட் கெனால் பண்ண வந்த அன்னிக்கு!” என்றார் நூலகர்.

“கதவைப் பாரேன். அதைப் பாத்தாலே எனக்கு வலி நின்னுடும். வீட்டுக்குப் போயிடலாம்னு தோணும்,” என்றாள் தையல்கார அம்மாள்.

“கீழ டாக்டர் எழுதியிருக்கிறதைப் படிங்க! ஸ்டேஷனாம்! கதவு உயிரற்றதாம்!”

டாக்டர் நின்ற இடத்தில் நின்றார். அவர்கள் வீடு கிளினிக்கின் மாடியில். பின்பக்கப் படி வழியாக இறங்கினால் நேராகச் சிகிச்சை அறை. வேலை முடிந்ததும் அதே படி வழியாக மேலே. முன்பக்கம் வந்து போகிறவர்களுக்கு; அவர் வந்து போகிறவர் இல்லையே. அவரிடம் வந்து சேரும்போது யாரும் கன்னத்தைப் பிடித்திருப்பதில்லை, வாயைத் திறந்திருப்பார்கள். இத்தனை வருஷப் பல் வைத்தியத்தில், ஒருவர் பல்வலியோடு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே இல்லை.

கூட்டம் தேநீர்ப் பக்கம் நகர்ந்த பிறகு மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். இருவரும் படத்தைப் பார்த்தார்கள்.

“இது நம்ம வெயிட்டிங் ரூம்,” என்றார் டாக்டர்.

“இல்லையே, ஸ்டேஷன். தலைமை நடுவர் எழுதியிருக்காரு.”

“கிண்டல் பண்ணாதே. எனக்கு மொதல்லயே பிடிச்சுது தெரியுமா? இதுக்கு முன்னாடிதான் ரொம்ப நேரம் நின்னேன். உன் தம்பியைக் கேளு.”

“சொன்னான். நூலகரம்மா காலையும் மிதிச்சீங்களாம்.”

அவர் படத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினார். பிறகு மென்று விழுங்கிக் கேட்டார். “எல்லாரும் இருக்காங்க. நான் எங்கே?”

“அதோ.”

“கதவா? நான் கதவா?”

“பின்ன? காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் நான் பாக்கறது அதைத்தானே? நீங்க உள்ள என்ன பண்றீங்கன்னு எனக்குத் தெரியாது. அலறல் சத்தம் மட்டும் வரும்.”

“அலறல் எல்லாம் இல்ல. ஒருத்தர் ரெண்டு பேர்...” அவர் கதவின் அடியைக் காட்டினார். அங்கே மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று மினுங்கியது. “இது? பசை கசிஞ்சிருக்குன்னு எழுதிட்டேனே.”

“பசை இல்லீங்க. சாக்லேட் தாள்.” அவள் விரலால் அதை மெதுவாக நீவினாள். “உள்ள லைட்டு எரிஞ்சா கதவுக்கு அடியில தெரியும். தெரிஞ்சா நீங்க இருக்கீங்கன்னு அர்த்தம். யாராவது வலியில அழுதா நான் அதைத்தான் காட்டுவேன். டாக்டர் உள்ளதான் இருக்காரு, பயப்படாதீங்கன்னு. அவங்களுக்கும் சொன்ன மாதிரி இருக்கும், எனக்கும் சொன்ன மாதிரி இருக்கும்.”

டாக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். குனிந்து, கருத்துச் சீட்டில் ‘உயிரற்றது’ என்பதை அடித்தார். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடியே நின்றார். கடைசியில் அடித்ததோடு விட்டுவிட்டார்.

“காலைல தெரிஞ்சுடும்னியே,” என்றார் நிமிராமலே. “என்ன தெரிஞ்சுது?”

“நீங்க முன்பக்கம் வந்ததே இல்லைன்னு தெரிஞ்சுது. வேற ஒண்ணுமில்ல.” அவள் அவர் காலரைச் சரிசெய்தாள். “தைலம் தடவினது ஞாபகம் வெச்சிருக்கீங்கன்னும் தெரிஞ்சுது. அது டயர் கடைக்காரருக்குப் போயிடுச்சு, போகட்டும். பாவம், நல்ல மனுஷன்.”

கயிறுகளை அவிழ்க்கவும் நாற்காலிகளை மடக்கவும் நூலகருக்குக் கூடமாட உதவிவிட்டு வருவதாகச் சொல்லி, படத்தை அவர் கையில் கொடுத்து முன்னால் போகச் சொன்னாள். அவர் கைநீட்டினார். “முன் வாசல் சாவியைக் கொடு.”

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டுக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

தெரு மங்கத் தொடங்கியிருந்தது. சாவி முதலில் தலைகீழாகப் போனது. பிறகு திறந்தது. டாக்டர் தன் கிளினிக்குக்குள், நோயாளிகள் நுழைகிற வழியில், படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நுழைந்தார். பச்சை நாற்காலிகள். நடுவில் இருந்த ஒன்றில் உட்கார்ந்தார். ஸ்பிரிங் ஒன்று பின்னால் குத்தியது. எதிரே கதவு. இந்தப் பக்கத்திலிருந்து அது இவ்வளவு பெரிது என்று அவர் நினைத்ததில்லை. சும்மா பார்க்கலாமே என்று ஒரு கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பல்லில் ஒன்றுமில்லை, ஆனாலும் யாராவது வந்து ‘பயப்படாதீங்க’ என்று சொன்னால் தேவலை போலிருந்தது.

மனைவி வந்தபோது அறை நன்றாக இருண்டுவிட்டது.

“யாரது? ஐயோ, நீங்களா! இருட்டுல உக்காந்து என்ன பண்றீங்க?”

“காத்திருப்பவனோட மனநிலையை அனுபவிச்சுப் பாக்கறேன்,” என்றார் டாக்டர் கம்பீரமாக. “அதுக்கு இருட்டுதான் உகந்தது.”

அவள் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு விளக்கைப் போட்டாள்.

அந்த அறையின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியாது.